கல்லும் அதன் ஊரும்: கனிமப் படிகச் சேகரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரியில் இருக்கும் கற்களைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "இது நிஜமா?", அடுத்து "இதை வைத்து என்ன செய்வீர்கள்?" இந்த இரண்டுக்கும் நடுவே எழும் மற்ற கேள்விகளையும் சேர்த்து, பல ஆண்டுகளாகக் கல் சேர்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதியிருக்கிறேன்.

கனிமம், படிகம், பாறை, இரத்தினம் எல்லாம் ஒன்றுதானே?

உறவுக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் இல்லை. இயற்கையில் தானாக உருவாகி, குறிப்பிட்ட வேதியியல் சேர்க்கையும் உள்ளே ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட திடப்பொருள் கனிமம். பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் அங்கீகரித்த கனிமங்கள் இப்போது 6,000-ஐத் தாண்டிவிட்டன. அந்த உள் அடுக்கு, வளர இடம் கிடைத்து, வெளியிலும் தட்டையான முகங்களாகத் தெரிந்தால் அது படிகம். பல கனிமங்கள் கலந்து இறுகியது பாறை. ஒரு கிரானைட் துண்டை உற்றுப் பாருங்கள், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியும். நகையில் பதிக்கும் அளவுக்கு அழகும் உறுதியும் இருந்தால் இரத்தினம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அந்தக் கனிமத்தின் பெயர் குருந்தம். உலகம் முழுக்கக் கனிமவியலார் "கொரண்டம்" என்று சொல்வது நம்மிடமிருந்து போன அதே சொல்தான். மரகதமும் அக்வாமரினும்கூட இப்படித்தான், இரண்டுமே பெரில் என்னும் ஒரே கனிமம். நாம் ஸ்படிகம் என்பது நிறமற்ற குவார்ட்ஸ்.

பட்டை தீட்டாத கல்லில் என்ன அழகு இருக்கிறது?

தீட்டிய கல்லில் தெரிவது தீட்டியவரின் கைத்திறன். தீட்டாத படிகத்தின் ஒவ்வொரு முகமும் அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தை அப்படியே காட்டுகிறது. 1669-இல் டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ குவார்ட்ஸ் படிகங்களை ஆராய்ந்து ஒன்றைக் கவனித்தார். படிகம் குட்டையோ நெட்டையோ, ஒரு பக்கம் வீங்கியதோ ஒடுங்கியதோ, ஒத்த இரு முகங்களுக்கு நடுவிலுள்ள கோணம் மட்டும் மாறுவதில்லை. எந்த நாட்டுக் குவார்ட்ஸை எடுத்தாலும் தூணின் அடுத்தடுத்த இரு முகங்கள் 120 பாகையில்தான் சந்திக்கும். கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சேகரிப்பவர் கண் தேடுவது வேறு. நுனி உடையாமல் இருக்கிறதா, முகங்கள் பளபளக்கின்றனவா, தாய்ப்பாறை மீது படிகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். சிறு உளிக் காயமும் மதிப்பைக் குறைக்கும். இவ்வளவும் பார்த்த பிறகு, சிலர் இதற்கெல்லாம் முன்பே, கேட்கும் கேள்வி ஒன்று: எந்த ஊர்?

ஊர் எதுவாக இருந்தால் என்ன? கல் அதே கல்தானே?

பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சீட்டைப் பலர் விலைச்சீட்டு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதில் எழுதியிருப்பது கல்லின் முகவரி. கனிமத்தின் பெயரைச் சோதித்து எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். ஊரை அப்படிப் பெரும்பாலும் மீட்க முடியாது.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வீல் கோர்லண்ட் என்றொரு செப்புச் சுரங்கம் இருந்தது. மூடி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அங்கே 200 ஆண்டுகளுக்கும் முன்பு எடுத்த ஒரு கல், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் லிரோகோனைட் என்ற பெயரில் இருந்தது. லிரோகோனைட் நீலம். இதிலோ கரும்பச்சைப் படிகங்கள். ஆராய்ந்து பார்த்தபோது அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு இருந்தது. 2020-இல் அதைப் புதுக் கனிமமாக அறிவித்து, கார்ன்வாலின் சொந்தமொழிப் பெயரான கெர்னோவை ஒட்டி கெர்னோவைட் என்று பெயரிட்டார்கள். சீட்டு தொலைந்திருந்தால் அது எங்கோ கிடைத்த பச்சைக் கல். போய்த் தேடச் சுரங்கமும் இல்லை.

ஆகவே சீட்டில் "சீனா", "பிரேசில்" என்று நாட்டை மட்டும் எழுதியிருந்தால் வாங்கும்போதே கேளுங்கள். சுரங்கம் அல்லது குவாரி, அருகிலுள்ள ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்று இறங்கு வரிசையில் தெரிந்தவரை எழுதி வையுங்கள். எடுத்த ஆண்டு, இதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதும் தெரிந்தால் சேருங்கள். பழைய சீட்டில் பெயரோ எழுத்தோ பிழையாக இருந்தாலும் கிழிக்காதீர்கள்; திருத்தத்தைப் புதுச் சீட்டில் எழுதி இரண்டையும் சேர்த்து வையுங்கள். கல்லின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சின்ன எண், அதே எண் குறிப்பேட்டில் என்று வைத்துக்கொண்டால் சீட்டு பறந்தாலும் கவலையில்லை. ஒருமுறை அலமாரியைத் துடைக்கும்போது ஐந்து குவார்ட்ஸ் சீட்டுகளைக் கலந்துவிட்டேன். மூன்றைத் திரும்பப் பொருத்த முடிந்தது. மற்ற இரண்டும் இன்றுவரை அநாதைகள். எண் ஒட்டும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

சரி, எந்த ஊர்க் கல் எதற்குப் பேர்போனது?

இதற்கு முடிவே இல்லை. என் விருப்பப்படி சிலவற்றைச் சொல்கிறேன்.

நமீபியாவின் சுமெப் சுரங்கத்தைச் சேகரிப்பவர்கள் ஒருவிதப் பக்தியோடுதான் உச்சரிப்பார்கள். செம்பு, ஈயம், துத்தநாகம், ஆர்சனிக், ஜெர்மானியம் எல்லாம் ஒரே குழாய் வடிவத் தாதுவில் கூடியிருந்தன. நிலத்தடி நீர் ஆழம் வரை இறங்கி அவற்றைக் கரைத்துக் கலந்து மறுபடி படியவைத்தது. விளைவு, ஒரே இடத்தில் 300-க்கும் மேற்பட்ட கனிமங்கள். அவற்றில் பல முதன்முதலில் அங்கேதான் கண்டறியப்பட்டன. நள்ளிரவு நீலத்தில் அசுரைட், பச்சைத் தீயாக டயோப்டேஸ். 1996-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று கைமாறுவதில் பெரும்பகுதி அதற்கு முன்பே எடுத்தது.

தக்காணப் பீடபூமி வேறு கதை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அலை அலையாக வழிந்த எரிமலைக் குழம்பு இறுகியபோது, உள்ளே சிக்கிய வாயுக் குமிழ்கள் பொந்துகளாக நின்றன. பின்னால் ஊடுருவிய சூடான நீர் அந்தப் பொந்துகளுக்குள் சியோலைட் எனப்படும், நீரை உள்ளடக்கிய சிலிக்கேட் கனிமங்களை வளர்த்தது. ஜல்காவ், நாசிக், புனே பகுதிக் கல்குவாரிகளில் கிடைக்கும் இளஞ்சிவப்பு ஸ்டில்பைட்டும், அதன்மேல் நிற்கும் கண்ணாடி போன்ற அபோஃபிலைட்டும் உலகின் எந்தக் கனிம அருங்காட்சியகத்திலும் இருக்கும். (அபோஃபிலைட் கண்டிப்பாகப் பார்த்தால் சியோலைட் அல்ல, கூடவே வாழும் பக்கத்து வீட்டுக்காரர்.) புனே அருகே வாகோலிக் குவாரிகளின் கேவன்சைட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளைப் படுக்கைமேல் மின்னும் நீலப் பஞ்சுருண்டைகள். கால்சியம், வனேடியம், சிலிக்கேட் மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். முதலில் கண்டெடுத்தது அமெரிக்காவின் ஓரிகனில்; ஆனால் வாகோலி மாதிரிகளுக்கு அது ஈடாகவில்லை.

ஸ்பெயினின் நவாஹூனில் களிச்சுண்ணாம்புப் பாறைக்குள் பைரைட் கனசதுரங்கள் கிடைக்கின்றன. விளிம்புகள் அவ்வளவு கூர்மை. இயந்திரத்தில் அறுத்தது என்று சத்தியம் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மொராக்கோவின் மிப்லாடென் வனாடினைட் செங்கல் சிவப்பில் அறுகோணத் தட்டுகளாக வரும். நார்வேயின் கோங்ஸ்பெர்கில் 1623 முதல் 1958 வரை வெள்ளி எடுத்தார்கள். அங்கே வெள்ளி கொம்புபோல் சுருண்ட கம்பிகளாகக் கிடைத்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்வீட் ஹோம் என்ற பழைய வெள்ளிச் சுரங்கம், வெள்ளிக்காக அல்லாமல் செக்கச் சிவந்த ரோடோக்ரோசைட்டுக்காகவே மறுபடி திறக்கப்பட்டது. 1992-இல் அங்கே கிடைத்த "அல்மா கிங்" என்ற பெரிய ரோடோக்ரோசைட் படிகம் இப்போது டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாகிஸ்தானின் ஷிகர் பள்ளத்தாக்கு அக்வாமரின், சீனாவின் ஷிகுவாங்ஷானில் வாள்போல் நீண்ட ஸ்டிப்னைட் படிகங்கள், சிசிலியின் கந்தகம். நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு படிகம் வளர எவ்வளவு காலம் ஆகும்?

உப்புப் படிகம் ஒரு வாரத்தில் தட்டில் வளரும். மறுமுனையில் மெக்சிகோவின் நைக்கா சுரங்கம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அங்கே தொழிலாளர்கள் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் ஒரு குகைக்குள் நுழைந்தார்கள். 11 மீட்டர் வரை நீளமுள்ள ஜிப்சம் தூண்கள் குறுக்கும் நெடுக்கும் விழுந்து கிடந்தன. வெப்பம் 58 பாகை செல்சியஸ் வரை, காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கும் மேல். தகுந்த உடை இல்லாமல் சில நிமிடங்களுக்கு மேல் உள்ளே தாங்க முடியாது.

ஏன் இவ்வளவு பெரிது? 58 பாகைக்குச் சற்றுக் கீழே, அன்ஹைட்ரைட் என்னும் நீரில்லாச் சகோதரக் கனிமம் மெல்லக் கரைந்து ஜிப்சமாகப் படியும். குகை நீர் லட்சக்கணக்கான ஆண்டுகள் அந்த எல்லையை ஒட்டியே நின்றது. புதுப் படிகங்கள் முளைப்பது அரிது. முளைத்தவை மட்டும் நிதானமாகப் பெருத்தன. ஆய்வாளர்கள் அளந்த மிகக் குறைந்த வேகம், நூறாண்டுக்கு ஏறத்தாழ ஒரு தலைமுடித் தடிமன். தண்ணீரை இறைப்பது நின்றபின் சுரங்கம் மூழ்கிவிட்டது.

கடையில் பார்க்கும் மஞ்சள் சிட்ரின் போலியா?

போலி என்று சொல்ல முடியாது. சொல்லாமல் விற்றால் தவறு. குவார்ட்ஸில் துளி இரும்பு கலந்து, பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு நீண்ட காலம் பட்டால் ஊதா அமெதிஸ்ட் ஆகிறது. அதைச் சில நூறு பாகைக்குச் சூடாக்கினால் ஊதா போய் மஞ்சளோ ஆரஞ்சோ வரும். சந்தையிலுள்ள சிட்ரினில் பெரும்பகுதி இப்படிச் சுட்டெடுத்த அமெதிஸ்ட்தான். அடியில் சுண்ணாம்பு வெள்ளை, நுனியில் கருகிய ஆரஞ்சு, கொத்தாக நெருங்கிய குட்டைப் பற்கள் இருந்தால் சுட்டது என்று துணிந்து சொல்லலாம். இயற்கைச் சிட்ரின் பெரும்பாலும் புகையோடிய வெளிர் மஞ்சள், நிறம் படிகம் முழுக்கச் சீராக இருக்கும்.

அப்படியானால் உண்மையான போலிகள் எவை?

பல வகை. அடிக்கடி மாட்டுபவை இவை.

கண்ணைப் பறிக்கும் நீலத்தில் பெரிய படிகக் கொத்து "சால்காந்தைட்" என்ற பெயரில் வந்தால், அது நாம் மயில்துத்தம் என்று அழைக்கும் செப்பு சல்ஃபேட். இயற்கையில் அது மெல்லிய பூச்சாகவோ இழைகளாகவோதான் பெரும்பாலும் கிடைக்கும். கொத்துக் கொத்தாகப் பெரியதாக இருந்தால் யாரோ ஒரு வாளியில் வளர்த்தது. கரையும், நச்சும்கூட.

வானவில் படிக்கட்டுபோல் இருக்கும் பிஸ்மத் படிகங்கள் உருக்கிய உலோகத்தை ஆறவைத்துச் செய்பவை. பிஸ்மத் 271 பாகையிலேயே உருகிவிடும். அழகுதான், கனிம மாதிரி அல்ல. பச்சை, ஆரஞ்சு நிறங்களில் ஒளி ஊடுருவும் சின்சைட் (துத்தநாக ஆக்சைடு) ஊசிகள் போலந்துத் துத்தநாக ஆலைகளின் புகைபோக்கிகளில் வளர்ந்தவை. கறுப்பில் வானவில் பூசியதுபோல் மின்னும் "கார்போரண்டம்" (சிலிக்கான் கார்பைடு, கொரண்டம் அல்ல) உலையில் செய்தது. தங்கத் துகள் மினுக்கும் பழுப்புக் "கோல்ட்ஸ்டோனும்" பால் நீல "ஓபலைட்டும்" கண்ணாடி. வானவில் "ஆரா குவார்ட்ஸ்" உண்மையான குவார்ட்ஸ்தான், வெற்றிடக் கலனில் உலோக ஆவியைப் பூசியிருக்கிறார்கள். வெள்ளை ஹவுலைட்டுக்கு நீலச் சாயம் ஏற்றினால் போலி டர்க்காய்ஸ். பளீரென்ற இளஞ்சிவப்பு அகேட் தட்டுகளும் சாயமே. அந்தத் தொழிலை ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் 19-ஆம் நூற்றாண்டிலேயே கைவந்த கலையாக்கிவிட்டது.

கண்டுபிடிக்கக் கடினமானது ஒட்டுவேலை. கல்லும் நிஜம், படிகமும் நிஜம், இரண்டும் சந்தித்தது மட்டும் பட்டறையில். பத்து மடங்கு உருப்பெருக்கியில் அடிப்பகுதியைப் பாருங்கள். காற்றுக் குமிழ், மணல் தூவி மறைத்த பிசின், படிகத்தைச் சுற்றி மட்டும் நிறம் மாறிய வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கில் பல பசைகள் வெள்ளையாகவோ நீலமாகவோ ஒளிர்ந்து தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும். அதோடு, எந்தெந்தக் கனிமம் எந்த ஊரில் எதனுடன் சேர்ந்து வரும் என்று தெரிந்தால், முறைகேடான ஜோடி பார்த்த மாத்திரத்தில் உறுத்தும். இணையத்தில் 2000 முதல் இயங்கும் மின்டாட் தரவுத்தளத்தில் ஊர்வாரியாகக் கனிமப் பட்டியல் இருக்கிறது. வாங்கும் முன் ஐந்து நிமிடம் அங்கே செலவிடுங்கள்.

உடைந்த படிகத்தை ஒட்டி விற்பது ஏமாற்றா?

பெக்மடைட் என்னும் பெரும்படிகப் பாறையின் பொந்துகளில் டூர்மலின் முதலிய படிகங்கள் சுரங்கக்காரர் கை படும் முன்பே முறிந்து கிடப்பது சாதாரணம். அதன் இரு பாதிகளையும் தேடிச் சரியாகப் பொருத்துவது பழுதுபார்ப்பு. வெளிப்படையாகச் சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை. இல்லாத பகுதியைப் பிசினால் செய்து நிரப்புவது வேறு. அதையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு கல்லை இன்னதென்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஜெர்மன் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடின வரிசை இன்றும் உதவுகிறது. அதில் 1 டால்க், 10 வைரம். விரல் நகம் இரண்டரை, பேனாக்கத்தி ஐந்தரை, குவார்ட்ஸ் 7. நகத்தால் கீறல் விழுந்தால் ஜிப்சமாக இருக்கலாம். கண்ணாடியைக் கீறினால் கால்சைட் அல்ல. தயவுசெய்து கல்லின் முகப்பில் கீறாதீர்கள். அடியில், உடைந்த ஓரத்தில் செய்யுங்கள்.

மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம் கல்லின் வெளிநிறத்தைவிட நம்பகமானது. வெள்ளிபோல் மின்னும் ஹெமடைட் செம்பழுப்புக் கோடு போடும். பொன்போல் மினுக்கும் பைரைட் பச்சை கலந்த கறுப்பாக இழுக்கும். தங்கம் பொன்னிறமாகவே இழுக்கும். தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனை. பேரைட் பார்க்கக் கால்சைட் மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் எதிர்பாராத கனம். தெளிவான கால்சைட் துண்டை எழுத்தின்மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். ஐஸ்லாந்தில் கிடைத்த கல்லில் இதை ராஸ்மஸ் பார்த்தோலின் விவரித்ததும் ஸ்டெனோ கோணங்களைப் பற்றி எழுதிய அதே 1669-இல்தான்.

நாவால் சுவைத்துப் பார்ப்பது பழைய புத்தகங்களில் உள்ள முறை. வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கழுவலாமா?

குவார்ட்ஸ் என்றால் தாராளமாக. இளஞ்சூட்டு நீர், சிறிது சோப்பு, மென்மையான பல்துலக்கி போதும். மற்றவற்றுக்கு முதலில் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹாலைட் என்பது உப்பு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள் தூசு போகட்டும் என்று ஒரு ஹாலைட்டைக் குழாயடியில் காட்டினேன். கூர்மையான கனசதுரங்கள் சப்பிய மிட்டாய்போல் ஆகிவிட்டன. மயில்துத்தமும் கரையும், ஜிப்சமும் கொஞ்சம் கரையும். கால்சைட், ரோடோக்ரோசைட், மாலகைட் முதலிய கார்பனேட்டுகள் அருகில் எலுமிச்சையோ வினிகரோ வரக்கூடாது. ஃபுளோரைட்டுக்கு நான்கு திசையில் எளிதாகப் பிளக்கும் குணம் உண்டு. சூடான நீரிலிருந்து குளிர்ந்த நீருக்கு மாற்றினால் உள்ளே விரிசல் ஓடும். மீயொலியால் சுத்தம் செய்யும் கருவியில் சியோலைட்டைப் போட்டால் வெளியே எடுக்கத் தூள்தான் மிஞ்சும்.

குவார்ட்ஸ் மேல் படிந்த துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது நச்சு. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொட வேண்டாம். கறையும் சில கற்களுக்கு அழகுதான்.

சன்னலோரம் வைத்தால் வெளிச்சத்தில் அழகாக இருக்குமே?

இருக்கும், சில மாதங்களுக்கு. அமெதிஸ்ட், குன்சைட், சில ஃபுளோரைட்டுகள் வெயிலில் வெளுக்கும். ரியல்கார் இன்னும் மோசம். சிவந்த படிகம் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் பொடியாக உதிரும். புரூஸ்டைட் என்னும் மாணிக்கச் சிவப்பு வெள்ளித் தாது கறுத்துப்போகும். விவியனைட் கருநீலமாகி விரிசல் விடும். அருங்காட்சியகங்கள் இவற்றை மூடிய இழுப்பறையில் வைத்திருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

கந்தகப் படிகத்துக்கு உள்ளங்கைச் சூடே ஆகாது. கையில் வைத்துக் காதருகே கொண்டுபோனால் நெறுநெறுவென்று விரிசல் விடும் சத்தம் கேட்கும். கேட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் உடைந்த துண்டில் பாருங்கள்.

என் பைரைட் வெள்ளைப் பொடி பூத்துக் கந்தக நாற்றம் அடிக்கிறது. என்ன செய்வது?

இதற்குப் பைரைட் நோய் என்று பெயர். ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து பைரைட்டை இரும்பு சல்ஃபேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாற்றுகின்றன. அமிலம் பெட்டியையும் சீட்டையும் அரித்துவிடும். உடனே தனியே எடுத்து வையுங்கள், சீட்டை நகலெடுங்கள், பொடியை உலர்ந்த தூரிகையால் நீக்குங்கள். மூடிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்தால் வேகம் குறையும். முழுக்கக் குணமாகாது. மார்கசைட் இதில் பைரைட்டைவிடப் பலவீனம். நவாஹூன் கனசதுரங்கள் ஒப்பீட்டளவில் நன்றாகத் தாங்குகின்றன.

வைத்திருக்கவே ஆபத்தான கற்கள் உண்டா?

உண்டு, பயப்பட வேண்டியதில்லை, மரியாதை வேண்டும். சின்னபார் பாதரசத் தாது. ரியல்கார், ஓர்பிமென்ட் இரண்டிலும் ஆர்சனிக். கலீனாவில் ஈயம். தொட்டபின் கை கழுவுங்கள், சூடாக்காதீர்கள், அறுத்துத் தூசு கிளப்பாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். க்ரோசிடோலைட், கிரைசோடைல் போன்றவை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). நாருதிரும் கல்லை மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே வைக்க வேண்டும். டோர்பெர்னைட், ஓட்டுனைட் யுரேனியக் கனிமங்கள். அவற்றிலிருந்து கதிரியக்க ரேடான் வாயு வரும். எனவே படுக்கையறையிலோ காற்றோட்டமில்லாத அலமாரியிலோ வைக்காதீர்கள். புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவருக்கு இந்த இரண்டும் இல்லாமலே நூறு பச்சைக் கற்கள் கிடைக்கும்.

கற்களுக்குக் குணப்படுத்தும் சக்தி இருக்கிறதா? கல் ஊறிய நீரைக் குடிக்கலாமா?

முதல் கேள்விக்கு, அப்படிச் சான்று இல்லை. 2001-இல் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் ஒரு சோதனை முடிவைச் சொன்னார். சிலர் கையில் உண்மைப் படிகம், சிலர் கையில் போலி. கூச்சம், கதகதப்பு என்று உணர்ந்ததில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கல்லைக் கையில் வைத்திருந்தால் எனக்கும் மனம் அமைதியாகிறது. அதற்கு அது அழகாக இருப்பதே போதும்.

இரண்டாவதற்கு, கூடவே கூடாது. மாலகைட்டிலிருந்து செம்பும் கலீனாவிலிருந்து ஈயமும் நீருக்கு வரலாம். பெயர் தவறாக எழுதிய கல் என்றால் எது வரும் என்பதே தெரியாது.

இருட்டில் ஒளிரும் கற்கள் எவை?

புற ஊதா விளக்கு வேண்டும். அதில் இரண்டு வகை: 365 நானோமீட்டர் நெடுஅலை, 254 நானோமீட்டர் குறுஅலை. சில கற்கள் ஒன்றுக்கு மட்டுமே பதில் சொல்லும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஃபிராங்க்ளின், ஸ்டெர்லிங் ஹில் சுரங்கங்களின் கற்கள் பகலில் சாம்பல் நிறக் கட்டிகள். குறுஅலையில் வில்லமைட் பச்சையாகவும் கால்சைட் செம்மையாகவும் எரியும். இந்த ஒளிர்வுக்கு ஃபுளோரசென்ஸ் என்று 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் பெயரிட்டதே ஃபுளோரைட்டை வைத்துத்தான். இங்கிலாந்தின் ரோஜர்லி சுரங்கத்துப் பச்சை ஃபுளோரைட் இன்னும் விசேஷம்; வெயிலில் கொண்டுபோனாலே நீலமாக மாறித் தெரியும். குறுஅலை விளக்கு கண்ணுக்குக் கெடுதல், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் போடாதீர்கள்.

தம்ப்நெயில், மினியேச்சர், கேபினெட் என்பதெல்லாம் என்ன?

அளவுப் பெயர்கள். ஓர் அங்குலப் பெட்டிக்குள் அடங்கினால் தம்ப்நெயில், இரண்டு அங்குலம் வரை மினியேச்சர், அதற்கு மேல் கேபினெட். நுண்ணோக்கியில் பார்க்கும் அளவு சிறியவை மைக்ரோமவுண்ட். இடமில்லை என்று வருந்துபவர்கள் மைக்ரோமவுண்ட் பக்கம் வர வேண்டும். படிகம் சிறிதாகச் சிறிதாகக் குறையற்றதாக இருக்கும். ஆயிரம் மாதிரிகளை ஓர் இழுப்பறையில் அடக்கலாம்.

நானே போய்த் தோண்டி எடுக்கலாமா?

நிலத்துக்காரர் அனுமதி இருந்தால். தேசியப் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் பெரும்பாலும் தடை; நாட்டுக்கு நாடு ஏற்றுமதிச் சட்டமும் வேறு. கைவிட்ட சுரங்கத்துக்குள் மட்டும் போகாதீர்கள். கூரை விழுவது கண்ணுக்குத் தெரியும், ஆக்ஸிஜன் இல்லாத காற்று தெரியாது. பாதுகாப்பான இடம், இயங்கும் குவாரியின் கழிவுக் குவியல். சுத்தியல் எடுத்தால் கண்ணாடியும் போடுங்கள். எடுத்த கல்லைத் தாளில் சுற்றும்போதே இடம், தேதி எழுதிய துண்டையும் உள்ளே வையுங்கள். "வீட்டுக்குப் போய் எழுதலாம்" என்று நினைத்தவை எதுவும் எனக்கு ஞாபகம் இருந்ததில்லை.

பூமியிலிருந்து இப்படி எடுப்பது தவறில்லையா?

நியாயமான கேள்வி. நல்ல மாதிரிகளில் பெரும்பகுதி உலோகத்துக்காகவோ ஜல்லிக்காகவோ எப்படியும் உடைக்கப்படும் பாறையிலிருந்து வருகிறது. சுரங்கத் தொழிலாளி சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து வெளியே கொண்டுவராவிட்டால் அது அரவை இயந்திரத்துக்குள் போயிருக்கும். ஆனால் குகைகளில் வளர்ந்த படிகங்களை உடைத்து எடுப்பதை என்னால் ஏற்க முடியாது. அதேபோல ஆப்கானிஸ்தானின் லாபிஸ் லசுலி வருமானம் ஆயுதக் குழுக்களுக்குப் போனது ஆவணமாகியிருக்கிறது. கல்லின் முகவரியைக் கேட்பதில் இந்தக் கேள்வியும் அடங்கும்.

எதில் தொடங்குவது?

முதல் ஆறு மாதம் வாங்குவதைவிடப் பார்ப்பது மேல். ஜெர்மனியின் ஃபிரைபெர்கில் டெரா மினரேலியா, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் போன்ற அருங்காட்சியகங்கள் தங்கள் கற்களின் படங்களைக் காட்டுகின்றன. நல்ல மாதிரி எப்படி இருக்கும் என்று கண் பழகினால் சுமாரான பத்து வாங்க மாட்டீர்கள். பிறகு ஒரு வழியைப் பிடியுங்கள்: குவார்ட்ஸ் மட்டும், அல்லது ஒரே சுரங்கம், அல்லது தம்ப்நெயில் மட்டும். எல்லாவற்றையும் சேர்க்கப் போனவர்கள் இடமில்லாமல் நின்றதைத்தான் பார்த்திருக்கிறேன். நான் உட்பட.

எனக்குப் பிறகு இந்தக் கற்கள் என்ன ஆகும்?

உயிரோடு இருக்கும்போதே ஒரு பட்டியல் எழுதுங்கள். எண், கனிமம், ஊர், எப்போது யாரிடம் வாங்கியது, படம். அச்செடுத்த ஒரு பிரதி கற்களோடு, இன்னொன்று வீட்டாரிடம். நச்சுள்ளவற்றையும் கதிர்வீச்சுள்ளவற்றையும் சிவப்பு மையில் குறியுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க எண்ணினால் முன்பே பேசிவிடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். என் பட்டியலில் இரண்டு குவார்ட்ஸுகளுக்கு எதிரே ஊர் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.